23 சின்னத் தட்டுகள்: பீட்டில்ஸ் சிங்கிள்ஸ் பெட்டியை வாங்கலாமா?

பீட்டில்ஸ் பாட்டுகளை எல்.பி.யாக, கேசட்டாக, சி.டி.யாக வாங்கித் தீர்த்தவரிடம் அதே பாட்டுகளை நான்காம் தடவை விற்பது ரெக்கார்டு கம்பெனிகளுக்குக் கைவந்த கலை. 1976-இல் பிரிட்டனில் அவர்களுடைய 22 சிங்கிள்களையும் (பக்கத்துக்கு ஒரு பாட்டாக வரும் சின்னத் தட்டுகள்) ஒரே வீச்சில் மறுபடி கடைக்கு விட்டார்கள். அதுவரை அங்கே சிங்கிளாக வராத 'யெஸ்டர்டே'யும் கூடவே வந்தது. 1982-இல் முதல் சிங்கிளின் இருபதாம் ஆண்டுக்குப் படம் பதித்த தட்டு போட்டார்கள். இங்கே எடுத்துக்கொள்வது 2019 நவம்பர் 22 அன்று வெளியான 'தி சிங்கிள்ஸ் கலெக்‌ஷன்'. ஏழு அங்குலத் தட்டு 23, பாட்டு 46, நாற்பது பக்கப் புத்தகம் ஒன்று. அளவு பிடிபட வேண்டுமானால் வீட்டில் கிடக்கும் பழைய படப்பாட்டு இ.பி.யை எடுத்துப் பாருங்கள். அதே வட்டம், நிமிடத்துக்கு அதே 45 சுற்று. இதில் பக்கத்துக்கு ஒரே ஒரு பாட்டு.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். காசு கொடுத்து வாங்க வேண்டிய சரக்கு இந்தப் பெட்டியில் இருக்கிறது. ஆனால் அது விளம்பரத்தில் முன்னால் நிற்கும் வண்ண உறைகளில் இல்லை, உள்ளே இருக்கும் மோனோ மிக்ஸ்களில் இருக்கிறது (மோனோ என்றால் எல்லா ஒலியும் ஒரே தடத்தில் கலந்தது, ஸ்டீரியோ என்றால் இடம், வலம் என்று இரண்டாகப் பிரித்தது). அதிலும் ஏழெட்டுத் தட்டுகள்தான் உயிர். மீதி, வரிசை முழுமையாக இருக்க வேண்டும் என்று நினைப்பவருக்கு. இன்னொன்று, புதுச்சேரி, கடலூர் மாதிரி உப்புக்காற்று ஊரில் பெட்டி வந்தபடியே அதை அலமாரியில் ஏற்றிவிட்டால் இரண்டு மழைக்காலத்தில் காகிதம் காட்டிக்கொடுத்துவிடும். அதற்கான வேலையைக் கடைசியில் பார்ப்போம்.

முதலில் மூலம். லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவில் அசல் மோனோ, ஸ்டீரியோ மாஸ்டர் டேப்புகளிலிருந்து புதிதாகப் பள்ளம் வெட்டிய தட்டுகள் என்பது வெளியீட்டாளர் வாக்கு. கேட்டால் அப்படித்தான் இருக்கிறது. ஒலியை வலுக்கட்டாயமாக உயர்த்திக் காதைக் குத்தும் வேலை இல்லை. ஆனால் அந்த வாக்குக்கு முதல் தட்டிலேயே ஒரு விலக்கு உண்டு. 'லவ் மீ டூ' 1962 அக்டோபர் 5 அன்று வந்தபோது சிங்கிளில் டிரம்ஸ் வாசித்தது குழுவின் டிரம்மர் ரிங்கோ. பிறகு எல்.பி.யில் ஏறியது வேறு பதிவு. அதில் டிரம்ஸ் வெளியிலிருந்து அழைத்த ஆண்டி வைட், ரிங்கோ கையில் டாம்பரின் (ஜால்ரா கோத்த கை வளையம்). ரிங்கோ வாசித்த பதிவின் மாஸ்டர் டேப் இன்று உலகத்தில் இல்லை. ஆகவே அந்தப் பாட்டை யார் மறுவெளியீடு செய்தாலும் பழைய தட்டு ஒன்றை ஓட்டி எடுத்த பிரதியிலிருந்துதான் செய்தாக வேண்டும். பி பக்கமான 'பி.எஸ். ஐ லவ் யூ' தெளிவாக இருக்க, ஏ பக்கம் கொஞ்சம் மூடினாற்போல் கேட்பது அதனால்தான். தட்டு பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

எந்தப் பதிவு உங்கள் கையில் இருக்கிறது என்று பார்க்க எளிய வழி: டாம்பரின் கேட்டால் ஆண்டி வைட், கேட்காவிட்டால் ரிங்கோ. இதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். 2012-இல் ஐம்பதாம் ஆண்டுக்கென்று அச்சடித்த நினைவுத் தட்டில் தவறிப்போய் ஆண்டி வைட் பதிவு ஏறிவிட, அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. இன்று அந்தத் தப்புத் தட்டைத் தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது வேறு கதை.

'ஷி லவ்ஸ் யூ'வுக்கு வேறு மாதிரி இழப்பு. அதன் இரண்டு தட இசைப்பதிவு டேப் அழிந்துவிட்டது, மோனோ மாஸ்டர் மட்டும் மிஞ்சியது. அந்த நாளில் உண்மையான ஸ்டீரியோ மிக்ஸ் அதற்கு வரவே இல்லை. அதனால் இந்தத் தட்டில் மோனோவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் மூலம்.

மோனோவைப் பற்றி இவ்வளவு பேச்சு எதற்கு என்று கேட்கலாம். 1968 வரைக்கும் பிரிட்டனில் சிங்கிள் என்றால் மோனோதான். ரேடியோவில், ஒற்றை ஸ்பீக்கர் டான்செட் ரெக்கார்டு பிளேயரில், ஜூக்பாக்ஸில் ஒலிக்க வேண்டியது என்பதால் பாட்டுக்காரர்கள் கூடவே உட்கார்ந்து மிக்ஸ் பார்த்தது மோனோவைத்தான். ஸ்டீரியோவைப் பெரும்பாலும் எஞ்சினீயர்கள் பிறகு முடித்துக்கொடுத்தார்கள். விளைவு, பல பாட்டுகளில் இரண்டும் இரண்டு பாட்டு. 'ஹெல்ப்!' மோனோவில் ஜான் லெனன் பாடியிருப்பது ஸ்டீரியோவில் கேட்கும் குரல் பதிவே அல்ல. 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' ஸ்டீரியோவில் கடைசிச் சரணத்தில் வரி தடுக்கும், மோனோ சுத்தம்.

உச்சம் 'ஐ ஆம் த வால்ரஸ்'. 1967 செப்டம்பர் 29 அன்று மோனோ மிக்ஸ் செய்துகொண்டிருந்தபோதே ஸ்டூடியோவில் ரேடியோவைத் திருகி, பி.பி.சி.யில் ஓடிக்கொண்டிருந்த ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்' நாடகத்தை அப்படியே பாட்டுக்குள் விட்டார்கள். ரேடியோ ஒலி தனித் தடத்தில் பதியவில்லை, மிக்ஸோடு கலந்துவிட்டது. பிறகு ஸ்டீரியோ செய்ய உட்கார்ந்தபோது ரேடியோ வரும் பாதியைப் பிரிக்க வழியில்லை. அந்தப் பாதிக்கு மோனோவையே எடுத்து, வலது இடது காதுகளுக்கு ஒலியை மாற்றிக்காட்டி ஒப்பேற்றினார்கள். அந்த ஸ்டீரியோவைக் கேட்டுப் பழகியவர்கள் பாட்டின் நடுவில் மேடை சட்டென்று சுருங்கி மங்குவதை ஏதோ கலை நுட்பம் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். மோனோ தட்டில் அப்படி எதுவும் இல்லை, கடைசிவரை ஒரே அடர்த்தி. தொடக்க இசையை எண்ணிப் பார்த்தும் கண்டுபிடிக்கலாம். ஸ்டீரியோவில் ஆறு அடி, மோனோவில் நான்கு. இந்தத் தட்டு ஒன்றுக்காகவே பெட்டியை வாங்கினேன் என்று யாராவது சொன்னால் சிரிக்கத் தோன்றவில்லை.

அடுத்தது 'பேப்பர்பேக் ரைட்டர்', பின்பக்கம் 'ரெயின்'. அதுவரை பிரிட்டிஷ் தட்டுகளில் பாஸ் கிடார் அடக்கித்தான் இருக்கும். பாஸ் கூடினால் ஊசி பள்ளத்தைவிட்டுத் துள்ளும், தட்டுகள் திரும்பி வரும் என்று கம்பெனிக்குப் பயம். 1966-இல் ஒலிப்பதிவு எஞ்சினீயர் ஜெஃப் எமெரிக் ஒரு ஸ்பீக்கரையே மைக்காக மாற்றி பாஸுக்கு முன்னால் வைத்துப் பதிவு செய்தார். வெட்டும் இடத்திலும் துள்ளலைக் கட்டுப்படுத்தும் கருவி ஒன்றைப் போட்டு வழக்கத்தைவிட உரக்க வெட்டினார்கள். இந்த மறுவெளியீட்டில் பாஸ் உருண்டு வருகிறது. உங்கள் சிஸ்டத்தில் அது வீங்கிப்போய்க் கேட்டால் தட்டைச் சந்தேகிக்கும் முன் ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஒரு முழம் முன்னால் இழுத்துப் பாருங்கள். பிரெஞ்சுக் காலத்துச் சதுர அறைகள், உயரமான கூரை, சுண்ணாம்புச் சுவர், திரை விரிப்பு எதுவும் இல்லாத தரை என்றால் பாஸும் எதிரொலியும் கூடித்தான் வரும்.

குறை என்று நினைத்து ஏமாறக்கூடிய இன்னும் சில: 'ரெவல்யூஷன்' தொடக்கத்தில் கிடார் கரகரவென்று கிழிவது ஊசி தேய்ந்ததால் அல்ல. ஆம்ப்ளிபயர் வைக்காமல் கிடாரை நேரே மிக்சரில் செருகி, தாங்காத அளவுக்கு ஏற்றியதால் வந்த ஒலி அது. 'ஐ ஃபீல் ஃபைன்' தொடங்கும்போது வரும் ரீங்காரம் கிடார் ஃபீட்பேக். 'ரெயின்' முடிவில் குரல் தலைகீழாக ஓடுவதும் வேண்டுமென்றே செய்தது.

இனிக் கணக்கு. 'ஹே ஜூட்' 7 நிமிடம் 11 வினாடி. 45 சுற்று வேகத்தில் அது ஏறக்குறைய 323 சுற்று. 'ஷி லவ்ஸ் யூ' 106 சுற்றில் முடிந்துவிடும். ஏழு அங்குலத் தட்டில் பாட்டு வெட்டக் கிடைக்கும் அகலம் சுமார் 30 மில்லிமீட்டர். ஆக 'ஷி லவ்ஸ் யூ'வில் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் கால் மில்லிமீட்டருக்கு மேல் இடம் உண்டு. 'ஹே ஜூட்'டில் பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர்கூட இல்லை. இடம் குறைந்தால் பள்ளம் அகலமாக ஆட முடியாது, ஒலி அளவைக் குறைத்துத்தான் வெட்ட வேண்டும். அதனால் 'ஹே ஜூட்' மற்றத் தட்டுகளைவிட மெல்லிதாக ஒலிக்கும். வால்யூமைக் கூட்டினால் கூடவே தூசிச் சத்தமும் கூடும். இந்தத் தட்டை மட்டும் மற்றவற்றைவிட ஒரு படி அதிகம் சுத்தமாக வைத்துக்கொள்வது நல்லது. கடைசி நாலு நிமிடம் 'நா நா நா' என்று எல்லோரும் சேர்ந்து பாடும் இடம் தட்டின் உள்வட்டத்தில் வருகிறது. சாதாரண ஊசிக்குச் சோதனையே அங்கேதான்.

'45 சுற்று என்றாலே எல்.பி.யைவிட ஒலி உயர்வு' என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. பாதி உண்மை. ஊசிக்குக் கீழே பள்ளம் ஓடும் வேகத்தைப் பார்த்தால், எல்.பி.யின் வெளி ஓரத்தில் வினாடிக்கு சுமார் 51 சென்டிமீட்டர், கடைசியில் சுமார் 21. ஏழு அங்குல 45-இல் தொடக்கத்தில் சுமார் 40, முடிவில் சுமார் 25. எல்.பி.யின் முதல் பாட்டை சிங்கிள் வெல்லாது, கடைசிப் பாட்டை எளிதாக வெல்லும். எல்.பி.யில் பக்கத்தின் முடிவில் மாட்டிக்கொண்ட பாட்டு எது என்று பார்த்து, அதை இந்தப் பெட்டியில் தேடிப் போட்டுக் கேளுங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

கருவி விஷயம். மோனோ தட்டில் ஒலி முழுவதும் பள்ளத்தின் பக்கவாட்டு ஆட்டத்தில் இருக்கிறது. ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் சின்னப் பாகம்) மேல்கீழ் ஆட்டத்தையும் சேர்த்துப் படிக்கும். மோனோ தட்டில் மேல்கீழாக இருப்பது பெரும்பாலும் தூசியும் கீறலும்தான். ஆம்ப்ளிபயரில் மோனோ பட்டன் இருந்தால் அழுத்திவிடுங்கள், பாதிச் சடசடப்பு அந்த இடத்திலேயே காணாமல் போகும். பட்டன் இல்லையென்றால் இரண்டு ஒய் கேபிள் போதும். இரண்டை ஒன்றாக்கி, அந்த ஒன்றை மறுபடி இரண்டாக்கி, டர்ன்டேபிளுக்கும், ஊசியின் மெல்லிய ஒலியைக் கூட்டித்தரும் போனோ ப்ரீஆம்புக்கும் நடுவில் மாட்ட வேண்டும். டர்ன்டேபிளுக்குள்ளேயே ப்ரீஆம்ப் இருந்தால் பின்னால் இருக்கும் ஸ்விட்சை 'போனோ' பக்கம் தள்ளி, வெளி ப்ரீஆம்ப் வழியாகவே இந்த வேலையைச் செய்யுங்கள். இரண்டு ப்ரீஆம்ப் வெளியீட்டை நேராக முடிச்சுப்போடுவது சரியில்லை. 1969-இல் வந்த 'தி பேலட் ஆஃப் ஜான் அண்ட் யோகோ'தான் பிரிட்டனில் அவர்கள் ஸ்டீரியோவில் விட்ட முதல் சிங்கிள். அங்கே வந்ததும் பட்டனை விடுவிக்க மறக்காதீர்கள்.

ஊசி அழுத்தம் கார்ட்ரிட்ஜுக்கு எழுதியிருப்பதே. இங்கே பலரும் வைத்திருக்கும் ஆடியோ டெக்னிகா வி.எம். 95 ஈ-க்கு 1.8 முதல் 2.2 கிராம், நடுவில் 2.0 வையுங்கள். குறைத்து வைத்தால் தட்டு பிழைக்கும் என்று நினைப்பது தவறு. அழுத்தம் போதாத ஊசி பள்ளத்துக்குள் தடதடத்து இன்னும் கெடுக்கும். பரணில் இருக்கும் எச்.எம்.வி. ஃபியஸ்டாவை இறக்கித் துடைத்து இந்தத் தட்டுகளை ஓட்டிப் பார்க்கும் ஆசை வரும். வேண்டாம். அதன் செராமிக் கார்ட்ரிட்ஜ் ஐந்து கிராமுக்கும் மேல் அமுக்கும், ஊசி எந்தக் காலத்தில் மாற்றியதோ தெரியாது. படப்பாட்டு இ.பி.யை அதில் போட்டு மகிழுங்கள்.

அமெரிக்காவில் இருந்து உறவினர் கொண்டுவந்து கொடுத்த டர்ன்டேபிள் என்றால் ஒரு எச்சரிக்கை. ஸ்டெப்டவுன் ட்ரான்ஸ்பார்மர் 220-ஐ 110 ஆக்கும், 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. பழைய ஏ.சி. மோட்டார் கருவி மின்சாரத்தின் ஹெர்ட்ஸைப் பார்த்துத்தான் சுற்றும். 45 சுற்ற வேண்டியது 37.5 தான் சுற்றும். 'ஷி லவ்ஸ் யூ' துக்க வீட்டுப் பாட்டாகிவிடும். 50 ஹெர்ட்ஸுக்கான புல்லி மாற்ற வேண்டும். அடாப்டரில் ஓடும் டி.சி. மோட்டார் கருவிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

பெட்டி வந்த அன்று செய்ய வேண்டியது. வெளிநாட்டு ஆர்டர் என்றால் விலையோடு கப்பல் கூலி, சுங்கம், ஐ.ஜி.எஸ்.டி. சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் கை வையுங்கள். தட்டு விலையில் திருப்தி அடைந்து சுங்க நோட்டீஸில் திடுக்கிடுகிறவர்கள் அதிகம். அட்டைக்குள் அட்டையாகக் கட்டி அனுப்பச் சொல்லுங்கள். சித்திரை, வைகாசியில் பார்சல் வெயிலில் நின்ற வண்டியில் வந்திருக்கும். உடனே பிரிக்காமல் ஒரு நாள் அறைக்குள் கிடைமட்டமாக வைத்து, சூடு இறங்கியதும் பிரியுங்கள். பிரிப்பதை முழுக்க வீடியோ எடுங்கள். 23 தட்டையும் அன்றைக்கே ஓட்ட முடியாது, ஆனால் 23-ஐயும் கண்ணால் பார்க்க முடியும். விளக்குக்குக் கீழே சாய்த்துப் பிடித்துக் கீறல் இருக்கிறதா, சுற்றவிட்டுப் பக்கத்திலிருந்து பார்த்துக் கிண்ணம் போல் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து மையம். ஓட்டை நடுவில் இல்லாத தட்டு ஓடும்போது டோன் ஆர்ம் (ஊசியைத் தாங்கும் கை) ஊஞ்சல் மாதிரி இடமும் வலமும் ஆடும், 1.33 வினாடிக்கு ஒரு தடவை. மேலிருந்து பார்த்தால் தெரியும். காதுக்கு எவ்வளவு கெடுதல்? உள்வட்டத்தில் ஆரம் 60 மில்லிமீட்டர் இருக்கும் இடத்தில் அரை மில்லிமீட்டர் விலகல் என்றால் சுருதி ஏறவும் இறங்கவும் சுமார் 0.8 சதவீதம். டிரம்ஸில் பிடிபடாது, நீட்டிப் பிடித்த பியானோவில் பிடிபட்டுவிடும். 'லெட் இட் பி'யைப் போட்டுச் சோதியுங்கள். அந்தத் தட்டில் பியானோ கடல் அலைபோல் தள்ளாடாவிட்டால் நிம்மதி. தள்ளாடினால் ஓட்டையைப் பெரிதாக்கித் தட்டை நகர்த்திவைக்கும் வித்தையில் இறங்காமல் மாற்றிக் கேளுங்கள், ஓட்டையைத் தொட்ட தட்டை யாரும் திரும்ப வாங்க மாட்டார்கள். அச்சு சரியாக நிரம்பாத பள்ளம் இன்னொரு வகைக் குறை. ஒரு காதில் மட்டும் துணி கிழிவதுபோல் 'சர்ர் சர்ர்' என்று சுற்றுக்கு ஒரு முறை வரும். கழுவினாலும் போகாது. அதையும் மாற்றித்தான் ஆக வேண்டும்.

உறைகளைப் பற்றி. அறுபதுகளில் பிரிட்டனில் சிங்கிள் வந்தது கம்பெனி பெயர் அச்சடித்த வெறும் காகித உறையில். பீட்டில்ஸுக்கே அங்கே பட உறை கிடைத்தது 1967-இல், 'பென்னி லேன்', 'ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' தட்டுக்குத்தான். ஆகவே இந்தப் பெட்டிக்குப் பட உறை வேண்டுமென்று கிரீஸ், சிலி, துருக்கி என்று ஊர் ஊராகப் போய் அந்தந்த நாட்டு வெளியீட்டின் உறைகளை எடுத்து நகல் செய்திருக்கிறார்கள். பார்க்க அழகு. ஆனால் 'நான் வாங்கிய தட்டு இப்படித்தான் இருந்தது' என்ற நினைவை இவை யாருக்கும் தராது. ஒரே மனிதர் இந்த 22-ஐயும் இந்த உறைகளோடு அந்நாளில் வாங்கியிருக்க முடியாது. பழைய ரசிகருக்கென்று செய்த பொருளில் பழைய ரசிகரின் நினைவைத் தவிர எல்லாம் இருப்பது ஒரு வேடிக்கைதான். கெவின் ஹவ்லெட் எழுதிய நாற்பது பக்கப் புத்தகம் அந்தக் குறையைக் கொஞ்சம் சரிக்கட்டுகிறது.

நம் பக்கத்துக்கு இதில் தனிச் சுவை உண்டு. பிரான்ஸில் அந்தக் காலத்தில் இரண்டு பாட்டு சிங்கிளைவிட நான்கு பாட்டு இ.பி.தான் வழக்கம், அதுவும் கெட்டி அட்டையில் பளபளக்கும் பட உறையோடு. பீட்டில்ஸ் அங்கே ஓடியோன் முத்திரையில் வந்தார்கள். பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கிய சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்) குடும்பத்துப் பெட்டிகளிலோ, ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் பழைய சாமான்களோடு கலந்தோ அப்படி ஒன்று கண்ணில் பட்டால், இந்தப் பெட்டியின் நகல் உறை எதையும்விட அது பெறுமானம் உள்ளது. தட்டு தேய்ந்திருந்தாலும் உறைக்காக எடுக்கலாம்.

அதைவிட அரியது இந்தியத் தட்டு. உலகமே 45-க்கு மாறிய பிறகும் இங்கே கைச்சாவி கிராமபோன்கள் இருந்ததால், கல்கத்தா டம்டம் ஆலையில் பீட்டில்ஸை 78 சுற்று அரக்குத் தட்டாகவே அடித்தார்கள், பார்லோபோன் முத்திரை, எண்ணுக்கு முன் டி.பி.இ. எழுத்துகள். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அலைவது இதற்குத்தான். கையில் இருந்தால் மூன்று விஷயம். எல்.பி. ஊசியால் ஓட்டக் கூடாது, 78-இன் பள்ளம் அகலம், அதற்குச் சுமார் 75 மைக்ரான் ஊசி வேண்டும். ஆல்கஹால் கலந்த எதுவும் படக் கூடாது, அரக்கு கரைந்துவிடும். தபாலில் அனுப்பக் கூடாது. கீழே விழுந்தால் அப்பளம்தான்.

பெட்டியில் இந்தியாவின் பங்கு ஒரு பி பக்கத்தில் ஒளிந்திருக்கிறது. 1968-இல் வந்த 'லேடி மடோனா'வின் பின்னால் 'தி இன்னர் லைட்'. ஜார்ஜ் ஹாரிசன் எழுதிய பாட்டு பீட்டில்ஸ் சிங்கிளில் இடம் பெற்றது அதுவே முதல் தடவை. அதன் வாத்திய இசை முழுவதும் அந்த ஜனவரியில் பம்பாய் எச்.எம்.வி. ஸ்டூடியோவில் நம் வித்வான்கள் வாசித்தது, குரல் மட்டும் லண்டனில் சேர்ந்தது. ஷெனாய், புல்லாங்குழல் எல்லாம் மோனோவில் ஒரே கூட்டமாக முன்னால் வந்து நிற்கின்றன. ஏழெட்டுத் தட்டு என்று சொன்னதில் இதற்கும் இடமுண்டு. மற்றவை 'வால்ரஸ்', 'பேப்பர்பேக் ரைட்டர்', 'ஹெல்ப்!', 'ரெவல்யூஷன்', 'ஷி லவ்ஸ் யூ', 'பென்னி லேன்' தட்டுகள். 'லெட் இட் பி'யும், 'கெட் பேக்'கும் வேறு காரணத்துக்காக. இரண்டும் எல்.பி.யில் இருக்கும் வடிவம் அல்ல. 'லெட் இட் பி'யில் கிடார் தனி ஆவர்த்தனமே வேறு. 'கெட் பேக்'கில் முடிந்தது என்று நினைத்த பிறகு மறுபடி எழும் வால் பகுதி எல்.பி.யில் கிடையாது.

'பென்னி லேன்' சொன்னதும் ஒரு சங்கதி. இரண்டு பக்கமும் முத்தான அந்தத் தட்டு பிரிட்டனில் முதலிடம் பிடிக்க முடியாமல் இரண்டாம் இடத்தில் நின்றது. வழி மறித்தது எங்கெல்பர்ட் ஹம்பர்டிங்கின் 'ரிலீஸ் மீ'. அந்த மனிதர் பிறந்தது மதராஸில்.

முழுப் பெட்டி வேண்டாம், மோனோ மட்டும் போதும் என்பவருக்கு மாற்று உண்டு. 2014-இல் டிஜிட்டல் படாமல் டேப்பிலிருந்து நேராக வெட்டிய மோனோ எல்.பி. வரிசையில் 'மோனோ மாஸ்டர்ஸ்' என்று மூன்று தட்டுத் தொகுப்பு தனியாகவும் வந்தது. எல்.பி.யில் இடம்பெறாத சிங்கிள்களில் பெரும்பகுதி அதில் அடங்கிவிடும். 'வால்ரஸ்', 'பென்னி லேன்' வேண்டுமானால் அதே வரிசையில் 'மேஜிக்கல் மிஸ்டரி டூர்' மோனோ. இரண்டையும் சேர்த்தால் இந்தப் பெட்டியின் சாரம் கைக்கு வந்துவிடும், இரண்டரை நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து தட்டு மாற்றும் உடற்பயிற்சியும் மிச்சம். 'தி பேலட்', 'ஓல்ட் பிரவுன் ஷூ', சிங்கிள் 'லெட் இட் பி' மூன்றும் ஸ்டீரியோ என்பதால் அங்கே கிடைக்காது. சிங்கிளை சிங்கிளாகத்தான் கேட்க வேண்டும், ஒரு பாட்டு, எழுந்திரு, திருப்பிப் போடு என்ற அந்தத் தாளம் பிடித்தவருக்கு இந்த மாற்று ஒத்துவராது. அவர்கள் பெட்டியையே வாங்கட்டும்.

இனிப் பராமரிப்பு. கழுவ போர்த் தண்ணீர் கூடாது. கடற்கரை ஊர்த் தண்ணீரின் உப்பு பள்ளத்துக்குள் வெள்ளையாய்க் காயும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டரில் நிறமும் மணமும் இல்லாத பாத்திரத் திரவம் மூன்று சொட்டு விட்டு, மிருதுவான துணியால் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைக்க வேண்டும். பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரில் இன்னொரு துடைப்பு. லேபிளில் ஈரம் படக் கூடாது. முழுக்கக் காய்ந்த பிறகுதான் உறை, ஈரத்தோடு போனால் பூஞ்சைக்கு நாமே விதை தூவியதுபோல. சானிடைசர் பக்கம் போகாதீர்கள், அதில் இருக்கும் பிசுபிசுப்பு பள்ளத்தில் தங்கிவிடும்.

தட்டுகளைக் காகித உறையில் விடாமல் ஏழு அங்குலப் பாலிதீன் உள்ளுறைக்கு மாற்றுங்கள். பட உறையைத் தனியாக இன்னொரு பாலிதீன் உறையில் போட்டு, தட்டை அதன் பின்னால் வைத்தால் மடிப்பும் கிழியாது. தடித்த பி.வி.சி. உறை பார்க்க நன்றாக இருக்கும், வாங்காதீர்கள். நம் வெயிலில் அது வியர்த்துத் தட்டின்மேல் மங்கலான படலத்தை விடும், அந்தப் படலம் எதற்கும் போகாது. நிறுத்தித்தான் வைக்க வேண்டும், படுக்கப்போட்டு அடுக்கக் கூடாது. சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம், ஐப்பசி கார்த்திகையில் சுண்ணாம்புச் சுவர் தண்ணீர் குடித்து நிற்கும். நாலு விரல் இடைவெளி விடுங்கள். ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல் 200 கிராம் பொட்டலம் இரண்டை அலமாரிக்குள் வைத்து, பச்சையாக மாறியதும் 110, 120 டிகிரியில் சுடவைத்து மறுபடி பயன்படுத்தலாம். பெட்டியை அலமாரியின் கீழ் அடுக்கில் வைக்காதீர்கள். 2011 தானே புயல், 2024 ஃபெஞ்சல் புயல் இரண்டையும் பார்த்த ஊர்க்காரருக்கு, தண்ணீர் எவ்வளவு உயரம் வரும் என்று சொல்லத் தேவையில்லை. முழங்காலுக்கு மேலே இருக்கும் இரண்டாவது அடுக்கு நல்லது.

23-ஆம் தட்டு தனி ரகம். ஒரு பக்கம் 'ஃப்ரீ ஆஸ் எ பேர்ட்', மறுபக்கம் 'ரியல் லவ்'. ஜான் விட்டுச்சென்ற கேசட் பதிவின்மேல் மற்ற மூவரும் வாசித்து 1995, 1996-இல் வந்தவை, ஒரே தட்டில் சேர்வது இப்போதுதான். மற்ற 22-ஐயும் கேட்டுவிட்டு இதற்கு வந்தால் ஒலி வேறு உலகம். வால்யூமை முன்கூட்டியே ஒரு படி இறக்கிக்கொள்ளுங்கள். இதே வழியில் பிறந்த மூன்றாவது பாட்டு 'நௌ அண்ட் தென்' 2023 நவம்பர் 2-இல் வந்தது, மறுபக்கம் புதிதாக ஸ்டீரியோ மிக்ஸ் செய்த 'லவ் மீ டூ'. 2019-இல் மூடிய பெட்டியில் அதற்கு இடமில்லை. தனியாக வாங்கி, பாலிதீன் உறையில் போட்டு, பெட்டிக்குப் பக்கத்தில் சாய்த்துவைக்க வேண்டியதுதான்.